ஒன்பதாவது கேள்விக்கு முன்: உளவியல் ஆய்வில் தரவு சேகரிப்பது எப்படி?

கொலன்னாவையில் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டில் இருக்கும் வயதான அம்மாவிடம் என் சித்தியின் மகள் ஒன்பது கேள்விகள் கேட்டாள். கொழும்பில் ஒரு தனியார் கல்வி நிறுவனத்தில் உளவியல் பட்டப்படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறாள். வெள்ளத்தால் பாதிக்கப்பட்ட குடும்பங்களில் மனச்சோர்வின் அறிகுறிகள் எந்தளவுக்கு இருக்கின்றன என்பது அவளுடைய ஆய்வுத் தலைப்பு. 2016 மே மாத வெள்ளத்தில் கூரை வரை தண்ணீர் பார்த்த வீடுகள் எங்கள் பக்கம் நிறைய உண்டு. ஆகவே தலைப்பும் பொருத்தம், இடமும் பக்கம்.

அவள் படிப்பது ஆங்கிலத்தில். பதில் சொல்பவர்கள் பேசுவது தமிழில். இணையத்திலிருந்து எடுத்த ஒரு தமிழ் வினாக்கொத்தை என்னிடம் தந்து, "அக்கா, இத கொஞ்சம் எங்கட தமிழுக்கு மாத்தித் தாங்க" என்றாள். நான் ஊடகக் கற்கைகள் படித்தவள், தமிழில் எழுதிப் பிழைப்பவள். இதில் என்ன இருக்கிறது என்று ஒரு மாலைப்பொழுதில் முடித்துக் கொடுத்தேன். பிறகு அவளோடு கூடவும் போனேன்.

முதல் எட்டுக் கேள்விகளுக்கும் அந்த அம்மா "சிலவேளை" என்றே சொன்னார். "ஓம்" என்றால் ஏதும் வில்லங்கம் வரலாம், "இல்லை" என்றால் வந்த பிள்ளையின் மனம் நோகலாம். ஒன்பதாவது, செத்துப்போனால் நல்லது என்ற எண்ணமோ தன்னைத்தானே காயப்படுத்தும் எண்ணமோ வந்ததா என்ற கேள்வி. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்படி நினைக்காத ஆள் யாரு மகள்" என்றார்.

தங்கை என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். தாளில் நான்கு பெட்டிகள் இருந்தன. இரண்டாவது பெட்டியில், "சில நாட்கள்" என்பதில், சரி அடையாளம் போட்டுவிட்டு நன்றி சொல்லி அடுத்த வீட்டுக்குப் போனோம். அன்றிரவு இரண்டு பேருக்கும் நித்திரை வரவில்லை.

அதன் பிறகுதான் நான் ஆய்வு முறையியல் என்ற பாடத்தை ஒழுங்காக வாசிக்கத் தொடங்கினேன். உளவியல் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் கொழும்பில் இப்போது கணிசமாக இருக்கிறார்கள். அவர்களுடைய பாடநூல்களில் வெளிநாட்டு உதாரணங்கள் இருக்கும். இங்கே, எங்கள் ஆட்களிடம், எங்கள் மொழியில் தரவு சேகரித்தவர்கள் எதில் மாட்டிக்கொண்டார்கள், எப்படிச் சமாளித்தார்கள் என்பது பெரும்பாலும் இருக்காது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

கேள்வி யாருடைய தமிழில் இருக்கிறது?

நாங்கள் பயன்படுத்திய வினாக்கொத்தின் பெயர் பி.எச்.கியூ-9. 2001இல் அமெரிக்காவில் குரொங்கே, ஸ்பிட்சர், வில்லியம்ஸ் ஆகியோர் வெளியிட்டது. கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பூச்சியம் முதல் மூன்று வரை புள்ளி, மொத்தம் 27. பொதுவாக 10 அல்லது அதற்கு மேல் எடுத்தவரை மேலும் பரிசோதிக்க வேண்டும் என்பார்கள். மேலும் பரிசோதிக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். 10 எடுத்தவருக்கு நோய் இருக்கிறது என்று அது சொல்வதில்லை. இதை மாணவர்கள் அடிக்கடி மறக்கிறார்கள். எங்களைப் போன்ற செய்தி எழுதுபவர்கள் அதைவிட அடிக்கடி மறக்கிறோம்.

நான் "எங்கட தமிழுக்கு" மாற்றியபோது "தூக்கம்" என்பதை "நித்திரை" ஆக்கினேன். அது சரி. ஆனால் "மனச்சோர்வு" என்ற சொல்லை அப்படியே விட்டுவிட்டேன். எழுத்தில் அது எல்லாருக்கும் தெரிந்த சொல்தானே. நேரில் கேட்டபோது அந்த அம்மா "மன" என்ற முன்பகுதியைக் கவனித்ததாகவே தெரியவில்லை. "சோர்வுதான் மகள், சீனி வருத்தம் இருக்கே" என்றார். இரண்டு கேள்விகள் தள்ளி உடல் களைப்பைப் பற்றிய கேள்வி வருகிறது. அதற்கும் அதே பதில். ஒரு சங்கதி இரண்டு முறை எண்ணப்பட்டுவிட்டது.

"கவலை" இன்னும் சிக்கலான சொல். தமிழ்நாட்டில் கவலை என்றால் பெரும்பாலும் வரப்போவதை நினைத்துப் பயப்படுவது. இலங்கையில் "கவலையா இருக்கு" என்று ஒருவர் சொன்னால் அவர் துக்கமாக இருக்கிறார் என்று பொருள். செத்த வீட்டில் "கவலையான விசயம்" என்கிறோம். உளவியலில் பதகளிப்பு வேறு, மனச்சோர்வு வேறு. இரண்டுக்கும் தனித்தனி அளவுகோல்கள் இருக்கின்றன. சென்னையில் பதகளிப்பை அளக்க எழுதிய ஒரு வரி, கொழும்பில் துக்கத்தை அளந்துவிட்டுப் போய்விடும். "எரிச்சல்" என்றால் இங்கே பொறாமை என்றும் எடுப்பார்கள். "யோசனை" என்பது அகராதியில் ஆலோசனை, ஆனால் எங்கள் அம்மாமாரிடம் "ஒரே யோசனை" என்பது நித்திரையைக் கெடுக்கும் மனப்பாரம்.

ஆங்கில மூலத்திலும் பிரச்சினை இருக்கிறது. உலகெங்கும் அகதிகளிடம் பயன்படுத்தப்படும் ஹொப்கின்ஸ் அறிகுறிப் பட்டியலில் துக்கத்தை நீல நிறத்தால் சொல்லும் ஓர் ஆங்கிலத் தொடர் வருகிறது. நீலத்துக்கும் எங்கள் துக்கத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. மொழிபெயர்ப்பவர் ஏதோ ஒரு சொல்லைத் தெரிவு செய்துதான் ஆகவேண்டும். அந்தத் தெரிவிலேயே அளவுகோல் கொஞ்சம் நகர்ந்துவிடுகிறது.

இதற்கு 1970இல் ரிச்சர்ட் பிரிஸ்லின் எழுதிய கட்டுரையிலிருந்து பரவிய ஒரு வழி உண்டு. ஒருவர் தமிழுக்கு மொழிபெயர்க்க வேண்டும். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் தமிழிலிருந்து திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டு ஆங்கிலத்தையும் ஒப்பிட வேண்டும். நல்ல வழிதான், ஆனால் போதாது. "மனச்சோர்வு" என்பதைப் படித்த இன்னொருவர் திரும்பச் சரியாகவே ஆங்கிலமாக்கியிருப்பார். பிழை பிடிபட்டிருக்காது. அதனால்தான் அடுத்த படி முக்கியம்: பத்துப் பேரிடமாவது கேள்வியை வாசித்துவிட்டு, "இதில என்ன கேக்கிறன் என்டு உங்கட வாயால சொல்லுங்க" என்று கேட்பது. இதற்குச் செலவு கிடையாது. ஒரு வாரம் போதும். நாங்கள் அந்த ஒரு வாரத்தைத்தான் மிச்சம் பிடித்தோம்.

வெளிநாட்டு அளவுகோலை மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டு மறுமுனையிலிருந்து தொடங்கியவரும் இருக்கிறார். இலங்கையில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக இருக்கும் காயத்ரி பெர்னாண்டோ, போராலும் சுனாமியாலும் பாதிக்கப்பட்ட மக்களிடம் கதைகளைக் கேட்டுச் சேர்த்தார். துன்பப்பட்டவர் எப்படி இருப்பார், தேறி வந்தவரை எப்படி அடையாளம் காண்பீர்கள் என்பதை அவர்களுடைய சொற்களிலேயே எடுத்து, அவற்றிலிருந்து ஓர் அளவுகோலை உருவாக்கி 2008இல் வெளியிட்டார். மக்கள் சொன்னதில் குடும்பத்தோடும் ஊரோடும் உள்ள உறவு முறிந்துபோவது பெரிய இடம் பிடித்திருந்தது. வெளிநாட்டுப் பட்டியல்கள் பெரும்பாலும் தனி ஒருவரின் உள்ளத்துக்குள்ளேயே தேடுகின்றன. யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகள் உளமருத்துவராகப் பணியாற்றிய தயா சோமசுந்தரமும் 2007இல் வெளியிட்ட ஆய்வில் இதே திசையில்தான் போனார். வடக்கில் நடந்ததை ஆளாளுக்கு எண்ணாமல், ஒரு சமூகத்தின் கூட்டு மனவடு என்று பார்க்க வேண்டும் என்றார்.

27க்கும் 7க்கும் நடுவில்

போருக்குப் பிந்திய மனவடு நோய் யாழ்ப்பாணத்தில் எத்தனை வீதம்? சோமசுந்தரமும் சிவயோகனும் 1994இல் பிரித்தானிய உளமருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில், யாழ்ப்பாணத்தில் ஏறக்குறைய 100 பேரிடம் எடுத்த கணக்கில் 27 வீதம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்தைச் சேர்ந்த ஃபரா ஹுசைன் குழுவினர் 2009 ஜூலை முதல் செப்டெம்பர் வரை, போர் முடிந்த சூட்டோடு, யாழ். மாவட்டத்தில் 1,400க்கும் மேற்பட்டவர்களிடம் எடுத்த கணக்கில் 7 வீதம். பதகளிப்பு அறிகுறிகள் 32.6 வீதம், மனச்சோர்வு அறிகுறிகள் 22.2 வீதம்.

27 எப்படி 7 ஆனது? போர் மக்களைக் குணப்படுத்திவிட்டதா? நிச்சயமாக இல்லை. ஆண்டு வேறு, அளவுகோல் வேறு, ஆட்களைத் தெரிவு செய்த முறை வேறு. 2009 ஆய்வு யாழ். மாவட்டத்தைப் பற்றியது. அதன் எண்ணை எடுத்து வன்னியின் மேல் வைக்க முடியாது. யாழ். மாவட்டத்துக்குள்ளேயே இடம்பெயர்ந்திருந்தவர்களிடம் எல்லா அறிகுறிகளும் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே இருந்தன என்பதையும் அந்த ஆய்வே சொல்கிறது. இரண்டு ஆய்வுகளும் அதனதன் வரம்புக்குள் சரியானவை. வரம்பைக் கழற்றிவிட்டு எண்ணை மட்டும் தலைப்பில் போடுவதுதான் பிழை.

சுனாமிக்குப் பிறகு ஃபிராங்க் நொய்னர் குழு எடுத்த கணக்கு இன்னொரு பாடம். 2004 டிசம்பர் 26 கடந்து மூன்று, நான்கு வாரங்களுக்குள் இலங்கைக் கரையோரத்தின் மூன்று இடங்களில் 264 பிள்ளைகளோடு பேசினார்கள். இடத்துக்கு இடம் 14 முதல் 39 வீதம் வரை வந்தது. ஆனால் அந்த நோயைத் தீர்மானிக்க அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆய்வாளர்கள் அதைத் தெளிவாகவே சொல்லி, தற்காலிகமானது என்று குறிப்பிட்டார்கள். எத்தனை பேர் அந்தக் குறிப்பை வாசித்திருப்பார்கள்?

என்னை மிகவும் யோசிக்க வைத்தது எங்கள் சொந்த மாவட்டத்து எண்தான். கொழும்பு இரட்டையர் ஆய்வு என்று ஒன்று இருக்கிறது. அத்துல சுமதிபாலவின் தலைமையில், லண்டன் கிங்ஸ் கல்லூரியோடு சேர்ந்து, 2005 முதல் 2007 வரை கொழும்பு மாவட்டத்தில் ஏறக்குறைய 4,000 இரட்டையர்களையும் இரட்டையர் அல்லாத 2,000 பேரையும் வீடு வீடாகச் சந்தித்தார்கள். வாழ்நாளில் ஒருமுறையாவது மனச்சோர்வு நோய்க்கு ஆளானவர்கள் 6.6 வீதம் என்று வந்தது. அன்றாட வேலைகள் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற ஒரேயொரு நிபந்தனையை எடுத்துவிட்டால் அது 11.2 வீதம். அதே மக்கள், அதே பதில்கள். ஒரு நிபந்தனையால் எண் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. துக்கத்தோடு சமைத்து, துக்கத்தோடு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, துக்கத்தோடு வேலைக்குப் போகும் ஒரு பெண் இந்தக் கணக்கில் இருக்கிறாளா இல்லையா என்பதை அந்த நிபந்தனை தீர்மானிக்கிறது. எங்கள் ஊரில் படுத்துக்கிடக்க வசதியுள்ளவர்கள் எத்தனை பேர்?

384 என்ற மந்திர எண்

எந்த மாணவரின் ஆய்வைத் திறந்தாலும் மாதிரியின் அளவு 384 என்று இருக்கும். 1970இல் கிரெஜ்சி, மோர்கன் என்ற இருவர் தந்த அட்டவணையில், பத்து இலட்சம் மக்கள்தொகைக்கு வரும் எண் அது. 95 வீத நம்பகம், ஐந்து வீதப் பிழைக்கு இடம் என்று கணக்குப் போட்டால் வருவது. கணக்கில் தவறில்லை. ஆனால் ஒவ்வொருவருக்கும் தெரிவாகச் சம வாய்ப்பு இருந்தால் மட்டுமே அது செல்லும். கூகுள் படிவத்தை வட்ஸ்அப் குழுக்களில் போட்டு 384 பேர் சேர்ந்ததும் கதவைச் சாத்துவதற்கு அந்தக் கணக்கு பொருந்தாது. 384 என்ன, 3,840 பேர் சேர்ந்தாலும் அது நண்பர்களின் நண்பர்களுடைய கணக்குத்தான்.

ஹென்ரிக், ஹைன், நொரென்சயன் ஆகியோர் 2010இல் எழுதிய கட்டுரை பிரபலமானது. உளவியல் "மனிதர்" என்று சொல்வதெல்லாம் பெரும்பாலும் மேற்குலகின் படித்த, வசதியான நாடுகளின் மனிதர்கள்தான், அதிலும் பல்கலைக்கழக மாணவர்கள்தான் என்று காட்டினார்கள். நாங்கள் அதைக் கைதட்டி வாசிப்போம். பிறகு வெள்ளவத்தையில் ரியூஷன் வகுப்பு முடிந்து வரும் பிள்ளைகளிடம் படிவத்தைக் கொடுத்துவிட்டு "கொழும்புத் தமிழ் இளைஞர்" என்று தலைப்பிடுவோம். கொட்டாஞ்சேனையில் துறைமுக வேலைக்குப் போகும் பையனும், கொலன்னாவையில் முச்சக்கரவண்டி ஓட்டும் பையனும் அதில் இல்லை.

பணமும் ஆளும் இல்லாத மாணவரால் என்ன செய்ய முடியும்? முழுமையான எழுமாற்று மாதிரி கடினம். ஆனால் அதன் கொள்கையைக் கொஞ்சமாவது எடுக்கலாம். கிராம சேவகர் பிரிவுகளைச் சீட்டுக் குலுக்கித் தெரிவு செய்வது, ஒரு பிரிவுக்குள் ஒவ்வொரு பத்தாவது வீட்டுக்கும் போவது, வீட்டில் யாரிடம் கேட்பது என்பதையும் முன்கூட்டியே ஒரு விதியால் தீர்மானிப்பது. இந்தக் கடைசிச் சங்கதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கதவைத் திறப்பவரிடமே கேட்டால், பகலில் வீட்டில் இருக்கும் பெண்களும் வயதானவர்களும் மட்டுமே வருவார்கள். லெஸ்லி கிஷ் என்பவர் வீட்டுக்குள் ஆளைத் தெரிவு செய்ய ஓர் அட்டவணையை 1949லேயே தந்துவிட்டார். எங்கள் பட்டியலில் 40 பேரில் ஆண்கள் ஆறு பேர். நாங்கள் போனது காலை பத்து மணிக்கு.

முடியாவிட்டால் முடியவில்லை என்று எழுதுவதில் அவமானம் இல்லை. வசதிக்குக் கிடைத்தவர்களிடம் கேட்டேன் என்று எழுதிவிட்டு, முடிவையும் அந்தளவுக்குச் சுருக்கினால் போதும். 15 பேருடன் ஆழமான நேர்காணல் செய்வது 384 கூகுள் படிவங்களைவிடப் பயனுள்ளது என்பது என் அபிப்பிராயம். ஆனால் எண் இல்லாவிட்டால் புள்ளி குறையும் என்ற பயம் மாணவர்களிடம் இருக்கிறது. அந்தப் பயம் முற்றிலும் ஆதாரமற்றது என்றும் சொல்ல மாட்டேன்.

பட்டியலுக்குப் பயந்தவர்கள்

கொழும்பு இரட்டையர் ஆய்வுக்கு ஆட்களைக் கண்டுபிடித்த விதம் கெட்டித்தனமானது. வாக்காளர் இடாப்பை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் வேலையோடு சேர்த்து, வீட்டில் இரட்டையர் இருக்கிறார்களா என்று விசாரித்தார்கள். மாவட்டம் முழுவதையும் தொடும் பட்டியல் வேறு எது இருக்கிறது? ஆய்வாளருக்கு அது மாதிரிச் சட்டகம்.

கொழும்புத் தமிழருக்கு அந்த இடாப்பு வேறொன்றையும் நினைவுபடுத்தும். 1983 ஜூலையில் வன்முறைக் கும்பல்கள் வாக்காளர் இடாப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி வந்தன என்பதைப் பல பதிவுகள் சொல்கின்றன. 2007 ஜூன் 7 அதிகாலையில் கொழும்பின் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்கள், 370க்கும் மேற்பட்டவர்கள், பஸ்களில் ஏற்றி நகருக்கு வெளியே அனுப்பப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அந்த விடுதிகள் இருந்தன. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எங்கிருந்து வந்தார்கள், அடையாள அட்டை இலக்கம் என்ன என்று பொலிஸ் படிவம் நிரப்பிய வீடுகள் அவை. அதே வீட்டுக் கதவை இன்று ஒரு மாணவி தட்டி, "பெயர், வயது, இனம், எத்தனை வருடமாக இங்கே இருக்கிறீர்கள்?" என்று தொடங்கினால் உள்ளே என்ன நடக்கும்?

பதில் வரும். மரியாதையான, எச்சரிக்கையான, எதையும் வெளிவிடாத பதில் வரும். உளவியலில் இதைச் சமூக விருப்புச் சார்பு என்கிறார்கள், அதாவது நல்லவராகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்லும் பதில். கொழும்பில் அதற்குள் வரலாறும் இருக்கிறது. கொலன்னாவைப் பக்கத்தில் இன்னொன்றும் கூட. தேசிய மனநல நிறுவனம் இருக்கும் அங்கொடை எங்களுக்கு அடுத்த ஊர். சின்ன வயதில் சண்டை பிடித்தால் "உன்ன அங்கொடைக்குத்தான் அனுப்ப வேணும்" என்பதே ஏச்சு. மனதைப் பற்றிக் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டு போகும் பிள்ளை அதை எங்கே கொண்டுபோய்க் கொடுக்கும் என்ற பயம் சிரிப்புக்குரியதல்ல.

இதற்கு நேர்மாறான சார்பும் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. கொட்டாஞ்சேனைப் பக்கம் புளுமெண்டல் குப்பைமேடு மூடப்பட்டபின் கொழும்பின் குப்பை மீத்தொட்டமுல்லைக்கு வந்து குவிந்தது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டுப் பிற்பகலில், மேடு சரிந்து 32 பேர் இறந்தார்கள். அதன் பிறகு அங்கிருந்தவர்களின் வாழ்க்கையே படிவங்களானது: சேத மதிப்பீடு, நட்டஈடு, மாற்று வீடு. அப்படியான ஓர் இடத்தில் ஆய்வாளரின் படிவத்தைப் பார்ப்பவர் அது நிவாரணப் படிவமா என்றுதான் முதலில் யோசிப்பார். கஷ்டத்தைக் கூட்டிச் சொன்னால் அது பொய்யல்ல, நியாயமான எதிர்பார்ப்பு. "இதால உங்களுக்கு வீடோ காசோ கிடைக்காது, நான் படிக்கிற பிள்ளை" என்பதை முதல் வசனமாகச் சொல்லிவிடுவது ஆய்வாளரின் கடமை. சொன்ன பிறகு சிலர் கதவைச் சாத்துவார்கள். சாத்தட்டும், அது அவர்களின் உரிமை.

சம்மதப் படிவத்தில் கையொப்பம் வாங்குவது ஒழுக்கநெறியின் அடையாளமாகக் கற்பிக்கப்படுகிறது. எங்கே, எதற்காகக் கையொப்பம் வாங்கப்பட்டதோ தெரியாத ஒரு வாழ்க்கையில் அதுவே பயமுறுத்தும் பொருளாகிவிடும். இரட்டையர் ஆய்வைச் செய்தவர்கள், சம்மதம், இரகசியம் என்ற எண்ணக்கருக்களை இங்குள்ள சாதாரண மக்கள் எப்படி விளங்கிக்கொள்கிறார்கள் என்பதைத் தனி ஆய்வாகவே செய்தார்கள். ஒழுக்கநெறிக் குழுவிடம் முன்கூட்டியே அனுமதி பெற்றால், வாய்மொழிச் சம்மதத்தைச் சாட்சியோடு பதிவு செய்யலாம். பெயருக்குப் பதில் இலக்கம் போடலாம். பெயரையும் இலக்கத்தையும் இணைக்கும் தாளை வேறிடத்தில் பூட்டி வைக்கலாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட பாதுகாப்புக்குரிய வகையில் சேர்க்கிறது. மாணவரின் மடிக்கணினியில் பெயர்களோடு கிடக்கும் எக்செல் கோப்பை யாரும் அப்படி நினைப்பதில்லை. நாங்களும் நினைக்கவில்லை.

சுனாமிக்குப் பிறகு அத்துல சுமதிபாலவும் சிசிர சிறிபத்தனவும் 2005இல் 'லான்செட்' மருத்துவ இதழில் பேரிடர்க் கால ஆய்வின் ஒழுக்கநெறி பற்றி எழுதினார்கள். வெளிநாட்டவரைப் பற்றிய குறையாக மட்டும் அதை எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் ஒழுங்கைக்கு வந்தது வெளிநாட்டவர் அல்ல. என் தங்கையும் நானும்தான்.

ஒன்பதாவது கேள்வி

தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்பதால் அந்த எண்ணம் ஒருவருக்கு வந்துவிடாது என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே கேட்பதில் தவறில்லை. கேட்ட பிறகு வரும் பதிலுக்கு ஏற்பாடு இல்லாமல் கேட்பதுதான் தவறு.

ஏற்பாடு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒன்பதாவதில் பூச்சியத்தைத் தவிர வேறு எதுவும் வந்தால் பேனாவைக் கீழே வைப்பது. எப்போது, எத்தனை தரம், ஏதும் செய்ய நினைத்தீர்களா, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று நிதானமாகக் கேட்பது. மேற்பார்வையாளரை அப்போதே தொலைபேசியில் அழைக்கும் ஒழுங்கு. அருகிலுள்ள வைத்தியசாலையின் மனநலப் பிரிவு எந்த நாட்களில் நடக்கிறது என்ற தகவல். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கம் எழுதிய ஒரு துண்டு. ஆபத்து உடனடியானது என்றால் இரகசியம் காப்பேன் என்ற வாக்குறுதிக்கு விலக்கு உண்டு என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவைப்பது. இவ்வளவும் முடியாதவர்களுக்கு பி.எச்.கியூ-8 என்று ஒன்று இருக்கிறது. அதே வினாக்கொத்து, கடைசிக் கேள்வி மட்டும் இல்லை. பதிலுக்கு உடனே உதவ முடியாத பெரிய கணக்கெடுப்புகளில் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். எங்கள் இருவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

மறுநாள் காலை நான் அந்த வீட்டுக்குத் தனியாகப் போனேன். தேத்தண்ணி தந்தார். நேற்றுக் கேட்டதைத் தெளிவில்லாமல் கேட்டுவிட்டோம் என்று சொல்லி, சாவை விரும்புவதையும் தானாக ஏதும் செய்வதையும் பிரித்து இரண்டாகக் கேட்டேன். பி.எச்.கியூவின் ஒன்பதாவது வரி அந்த இரண்டையும் ஒரே கேள்விக்குள் வைத்திருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் சிரித்தார்.

"கடவுள் எடுக்கிற நேரம் எடுக்கட்டும் என்டுதான் சொன்னன். நானா ஒன்டும் செய்ய மாட்டன். பேரப்பிள்ளைய யாரு பாக்கிறது?"

பிறகு அவராகவே வேறொன்று சொன்னார். மற்ற நாட்களில் நித்திரைக்குக் குறையில்லையாம். இரவில் பெரிய மழை பிடித்தால் மட்டும் எழும்பி, கதவடியில் கதிரையைப் போட்டு விடியும்வரை வாசலையே பார்த்துக்கொண்டு இருப்பாராம். 2016இலிருந்து அப்படித்தானாம். நாங்கள் கேட்ட இரண்டு வாரங்களில் மழையே பெய்யவில்லை.

தங்கையிடம் சொன்னேன். அதற்குப் பெட்டி இல்லை. தாளின் பின்பக்கத்தில் எழுதிவைத்தாள்.